மதுரையில் வலைத்தளம் கட்டிக்கொடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் தளம் கட்டிக்கொடுக்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைலையும் (சிஎஸ்எஸ்), அதை இயக்கும் ஸ்கிரிப்ட்டையும் தனிக் கோப்பில் வைக்காமல் பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதினால் பக்கம் சீக்கிரம் திறக்கும் என்பது உண்மை. அதை நம்பி 200 கேபி சிஎஸ்எஸ் முழுவதையும் உள்ளே கொட்டிவிடாதீர்கள். முதல் திரைக்கு வேண்டியது மட்டும் உள்ளே இருக்கட்டும்.

உசிலம்பட்டியில் ஒருவர் போனில் பக்கத்தைத் திறக்கிறார். தளப் பெயருக்கு முகவரி கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் தேடல், சர்வரோடு டிசிபி இணைப்பு, அதைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ், அப்புறம் பக்கத்துக்கான கோரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையாவது போய்வர வேண்டும். வந்த பக்கம் தனி ஸ்டைல் கோப்பைக் கேட்டால் இன்னொரு நடை. அந்தக் கோப்பு வேறு டொமைனில் இருந்தால் எல்லா நடையும் முதலிலிருந்து. அதுவரை திரை வெள்ளையாகவே நிற்கும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், வைகைக் கரைக் கூட்டத்துக்குள் நின்று போனைப் பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு நடையும் எவ்வளவு இழுக்கும் என்று தெரியும்.

அளவு முக்கியம். புது இணைப்பில் சர்வர் முதல் தவணையாகப் பொதுவாக 10 பாக்கெட்தான் (தரவுத் துண்டு) அனுப்பும். ஒன்றுக்குச் சுமார் 1,460 பைட், ஆக 14 கேபி சொச்சம். ஜிசிப், பிராட்லி போன்ற முறையில் சுருக்கியபின் எச்டிஎம்எல்லும் உள்ளே எழுதிய ஸ்டைலும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும். நமக்கு இங்கே கூடுதல் கவனம் தேவை. எழுத்தைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; கால், கொம்பு போன்ற துணைக்குறியும் தனிக் குறிதான். ‘மதுரை’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே 15 பைட். ஜிசிப் அல்லது பிராட்லி இல்லாமல் தமிழ்ப் பக்கம் ஓட்டவே கூடாது. தமிழ் எழுத்துருவை (ஃபாண்ட்) பேஸ்64 முறையில் வெறும் எழுத்துகளாக்கி உள்ளே திணிப்பதும் வேண்டாம். அளவு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும்.

உள்ளே எழுதியது, பிரவுசர் மறுமுறைக்கு எடுத்துவைக்கும் கேஷில் தனியாகத் தங்காது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லி விலையைத் தினமும் பார்க்கிறவருக்கு மாறியது விலை ஒன்றுதான். ஸ்டைல் முழுவதும் உள்ளே இருந்தால் அதையும் தினமும் இறக்க வேண்டும். அதனால் மிச்ச ஸ்டைல் தனிக் கோப்பிலேயே இருக்கட்டும்.

ஸ்டைலை வெட்டிப் பக்கத்துக்குள் ஒட்டும்போது முதலில் உடைவது படங்கள். தனிக் கோப்பில் பட முகவரி அந்தக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்காகும். உள்ளே வந்தபின் பக்கத்திலிருந்து கணக்காகும். சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையாக மாற்றுங்கள். ஸ்கிரிப்ட்டில் மேற்கோளுக்குள் இருக்கும் சரத்துக்குள் ஸ்கிரிப்ட் மூடும் டேக் வந்தால் பிரவுசர் அங்கேயே முடித்துவிடும்; மிச்ச நிரல் பக்கத்தில் எழுத்தாகக் கொட்டும். அந்த டேக்கின் சாய்கோட்டுக்கு முன் ஒரு பின்சாய்கோடு போட்டால் சரியாகும். வெளி ஸ்டைல் கோப்பின் லிங்க்குக்குக் கீழே இன்லைன் (உள்ளேயே எழுதிய) ஸ்கிரிப்ட் வைக்காதீர்கள். அந்த ஸ்டைல் இறங்கும்வரை ஸ்கிரிப்ட் காத்திருக்கும், வேகத்துக்காகச் செய்தது வீண். எந்த நிரல் ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் சிஎஸ்பி பாதுகாப்பு விதி தளத்தில் இருந்தால் இன்லைன் நிரல் பொதுவாக ஓடாது. நிலையான பக்கங்களுக்கு அந்த விதியில் நிரலின் ஷா-256 ஹாஷ் (நிரலிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) கொடுங்கள். நிரலில் ஓர் இடைவெளி மாறினாலும் புது ஹாஷ் வேண்டும்.

வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் முன், குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள கவரேஜ் பகுதியில் பயன்படாத சிஎஸ்எஸ் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு நெட்வொர்க் பகுதியில் கேஷை அணைத்து, வேகத்தை ஸ்லோ 4ஜி ஆக்கி, 360 பிக்சல் அகலத்தில் திறந்து பாருங்கள். உங்கள் அலுவலக ஃபைபர் இணைப்பில் இந்தத் தாமதம் கண்ணில் படாது.