அடுப்புத் தீயையும் கொஞ்சம் காட்டுங்கள்

தமிழில் சமையல் வீடியோ போடும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகக் கல்யாணமானவர்கள், வெளியூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் உங்களைப் பார்த்துத்தான் சமைக்கக் கற்கிறார்கள். நீங்கள் அடுப்பை எப்படி எரிக்கிறீர்களோ அப்படியேதான் அவர்களும் எரிப்பார்கள். அதனால்தான், எரிவாயுவை வீணாக்காமல் சமைப்பதையும் சேர்த்துக் காட்டுங்கள் என்று உங்களிடம் கேட்கிறேன்.

'மீடியம் ஃப்ளேம்' என்கிறீர்கள். ஆனால் கேமரா சட்டிக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் தீ எவ்வளவு உயரம் என்று யாருக்கும் தெரிவதில்லை. பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறும் தீ கைப்பிடியைச் சுடுமே தவிர, குழம்பைக் கொதிக்க வைக்காது. ஒரு தடவை கேமராவைக் கீழே இறக்கிக் காட்டிவிடுங்கள்.

அப்புறம் மூடி. சாம்பார் தளதளவென்று கொதிப்பது படத்தில் அழகுதான், புரிகிறது. காட்டிவிட்டு மூடிவிடலாமே! கொதி வந்தபின் தீயைக் கூட்டினாலும் சூடு 100 டிகிரியைச் சுற்றியேதான் நிற்கும், காய் சீக்கிரம் வேகாது. கூடுதல் தீயெல்லாம் ஆவியாகத்தான் போகும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் வேண்டும், அதை முழுவதும் ஆவியாக்க. தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, பிறகு சுண்ட வைக்கச் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குக்கர் விஷயம்தான் எனக்கு முக்கியம். 'கொண்டைக்கடலைக்கு எட்டு விசில்' என்று சொல்கிறீர்கள். பெரிய தீயில் வைத்தால் எட்டு விசில் சடசடவென்று வந்துவிடும், கடலை வெந்திருக்காது. விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர், தீக்குத் தீ மாறும். உள்ளே சூடு ஏறக்குறைய 120 டிகிரி. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்தாலே அது கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். பெரிய தீ வைத்தால் விசில்தான் அடிக்கும். அதனால் சிம்மில் எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள். அடுப்பை அணைத்தபின் பிரஷர் அடங்கும்வரை பருப்பு உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். கடலையை முந்தின இரவே ஊறவைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதையும் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லலாம்.

இந்தியாவில் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு தர 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கிவிட்டு, அடுத்த சிலிண்டருக்குப் பணம் புரளாமல் விறகுக்கே திரும்பும் வீடுகள் இருக்கின்றன. அங்கே 14.2 கிலோ சிலிண்டர் ஒரு வாரம் கூடுதலாக வந்தால் அது பெரிய விஷயம். உங்கள் வீடியோ அந்த வீட்டுக் கைப்பேசியிலும் ஓடுகிறது.

பழைய வீடியோக்களைத் திரும்ப எடுக்க முடியாது, சரி. ஆனால் அளவுகள் எழுதும் இடத்தில் விசில் கணக்குக்குப் பக்கத்திலேயே 'முதல் விசிலுக்குப் பின் சிம்மில் இத்தனை நிமிடம்' என்று இன்றே சேர்த்துவிடலாம். தயவுசெய்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் பார்த்துச் சமைக்கும் ஒருவர்