தாத்தாவின் தூண்டில் கம்புகள்

குன்னூர்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் மலருக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம்.

தாத்தாவின் தூண்டில் கம்புகள் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டிருந்தாய். மூன்று ஞாயிறாகப் போன் இல்லை. வந்தது அந்த ஒரு வரிதான். ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

பரணிலிருந்து இரண்டையும் இறக்கி, என் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து வைத்துப் பார்த்தேன். பச்சைப் பையில் இருப்பது ஹார்டி என்ற இங்கிலாந்துக் கம்பெனி செய்தது. கைப்பிடித் தக்கைக்கு மேலே மூங்கிலில் மையால் எழுதிய 'பலகோனா' என்ற பெயரும் வரிசை எண்ணும் பூதக்கண்ணாடியில் இன்னும் தெரிகின்றன. எண்ணைத் தனித்தாளில் குறித்து வைத்திருக்கிறேன். எந்தக் காலத்தில் செய்தது என்பதை அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். ஹார்டி 1872-இல் தொடங்கிய ஊர் உன் நியூகாசிலுக்குப் பக்கம்தானே. அதை 'அல்ன்விக்' என்று எழுதினாலும் 'ஆனிக்' என்று சொல்ல வேண்டும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். என் மகள் அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

மற்றதில் பெயரே இல்லை, விலை எதிர்பார்க்காதே. ஹார்டியிலும் பெரிய தொகையை எண்ணிவிடாதே. ஏராளமாகச் செய்து பல நாடுகளுக்கு விற்றவர்கள். பழையது என்பதற்காக மட்டும் யாரும் அள்ளிக் கொடுக்க மாட்டார்கள். முழு நீளம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதன் மூன்று துண்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். நுனித்துண்டு இரண்டு விரற்கடை குட்டை. எப்போதோ முறிந்து, நுனி வளையத்தை மறுபடி கட்டியிருக்கிறார்கள். அது பெரிய குறை. மற்றபடி ஆறு மூங்கில் சிம்புகளை முக்கோணமாகச் சீவி ஒட்டிய கம்பு எங்கும் பசை விடவில்லை. இணைப்பை இழுத்தால் தாத்தா காட்டுவாரே, அந்த 'பொக்' என்ற சத்தம் இன்னும் வருகிறது. துண்டுகளை இணைக்கும் குழல் தேயவில்லை.

யாரிடம் காட்டினாலும் வார்னிஷ் அடிக்க விடாதே. பளபளப்பாக்கினால் விலை இறங்கிவிடும். கடைக்காரர் எழுதி வைக்கும் விலையை நம்பாதே, ஏலத்தில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பார். அவசரப்படுகிறாய் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். மாப்பிள்ளைக்குத் தெரிந்துதான் கேட்டாயா? உன் வரியில் அவர் பெயர் இல்லை. இருக்கட்டும். வார்னிஷ் மட்டும் வேண்டாம்.

அவலாஞ்சியில் 1907-இல் வைத்த மீன் பொரிப்பகத்தில், கொட்டும் பனியில் ட்ரவுட் குஞ்சுகளுக்குக் காவல் இருந்து பெற்ற கம்புகள் அவை. துரை கப்பலேறும் முன் தன் கையால் தாத்தாவிடம் கொடுத்தார். விற்கவா கொடுத்தார்?

இந்த வரியை எழுதியபின் வெகுநேரம் பேனாவை வைத்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு வாயில்லை, மலர்.

அந்த ஹார்டி கம்போடு தூண்டில் நூல் சுற்றும் ரீல் ஒன்றும் இருந்தது. திருட்டுப் போனது என்றுதான் நீ கேட்டு வளர்ந்தாய். திருட்டுப் போகவில்லை. நீ பாலர் பள்ளியில் சேர்ந்த வருடம், எடுத்த சீட்டுக்குத் தவணை கட்ட முடியாமல், ஊட்டியில் பழைய சாமான் கடை ஒன்றில் நான்தான் அறுநூறு ரூபாய்க்கு விற்றேன். தாத்தாவிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்க வெட்கப்பட்டேன். அவர் விறகு பிளக்க வரும் பையனைச் சந்தேகப்பட்டார். நான் வாய் திறக்கவில்லை. பையன் அதன்பின் வரவே இல்லை. தாத்தா போகும்வரை அவனைத்தான் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இத்தகைய ரீல்கள் கம்பைவிட அதிக விலைக்குப் போவதுண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. அது எனக்குப் பெரிதில்லை. அந்தப் பையன் முகம்தான். அம்மாவுக்குக்கூட இன்றுவரை தெரியாது.

தபால் ஆபீசில் போட்ட பணம் மார்ச்சில் முதிர்கிறது. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் சொல், எதற்கு என்று சொல்ல வேண்டாம். கம்புகளை இன்னும் பரணில் ஏற்றவில்லை. நீ போன் செய்யும்வரை அவை கட்டிலிலேயே இருக்கட்டும். நான் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன், போனும் அங்கேதான் இருக்கிறது.

அப்பா