ரூன்ஸ்கேப்பும் வார்கிராஃப்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆன்லைன் விளையாட்டு என்றாலே எங்கள் பக்கம் ரம்மியைத்தான் நினைக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு.

2006-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயிறு மதியம் பிரவுசிங் சென்டரில் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டைப் பழகினேன். அப்போது டவுன்லோடு தேவைப்படவில்லை, பிரவுசரிலேயே ஓடியது. சந்தா கட்டாமலும் ஆடலாம். ஆட்டத்துக்குள் 30 நாணயம் கொடுத்துக் கரம்ஜா தீவுக்குப் படகேறி, லாப்ஸ்டர் பிடித்து விற்றுத்தான் முதல் நல்ல கவசம் வாங்கினேன். மீன்பிடிப்பு போன்ற ஒரு திறனில் 99-ஆம் நிலைக்கு 1 கோடியே 30 லட்சம் புள்ளிகளுக்கு மேல் வேண்டும். 92-ஆம் நிலையைத் தொடும்போதுதான் புள்ளிக் கணக்கில் பாதி வழி! தறி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. அந்தப் பொறுமை எனக்குப் பிடித்துப்போனது.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு 2019-ல், அதன் பழைய ஆட்டத்தை மீட்ட கிளாசிக் வடிவம் வந்தபோதுதான் போனேன். மாதச் சந்தா கட்டாயம். மோல்டன் கோர் குகைக்குள் 40 பேர் சேர்ந்து இறங்குவோம். காயம் ஆற்றுவது என் வேலை. குழுவில் இருந்த ஐரோப்பியர்களுக்கு மாலை, நமக்கு நள்ளிரவு. ஒருநாள் நடுச்சண்டையில் கரண்ட் போய், மொத்தக் குழுவும் மடிந்தது. மறுநாள் யாரும் என்னைத் திட்டவில்லை, "வீட்டில் எல்லாம் சரிதானே?" என்றே கேட்டார்கள்.

சண்டையின் அழகில் வார்கிராஃப்ட்தான் மேல். ஆனாலும் என் மனம் ரூன்ஸ்கேப் பக்கம். 2013-ல் பழைய 2007 வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்து, புதிய அம்சங்களை ஆட்டக்காரர்களின் ஓட்டுக்கு விட்டார்கள். அந்த மரியாதை பெரிது.

தங்கள் இளைஞர் பக்கத்தில் இவ்விளையாட்டுகளைப் பற்றியும் எழுத வேண்டுகிறேன்.

வாசகர்,
அவிநாசி