ஒத்திகை பார்க்கப் போனேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உடனே பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம், ஒரு மருத்துவமனையில் நடந்த தொற்றுநோய் ஒத்திகை. மதிப்பீட்டாளர்களில் நானும் ஒருவன்.

புதுவகைக் காய்ச்சலோடு ஒருவர் அவசரப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொண்டார்கள். நோயாளியாக நடித்தவரின் சட்டையில் ஒரு பொடியைத் தடவியிருந்தோம். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும். செவிலியர்கள் பாதுகாப்பு உடையை மிக ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள். கழற்றும்போதுதான் அவசரம். யாரும் பக்கத்தில் நின்று படிப்படியாகச் சொல்லவும் இல்லை. முடிந்ததும் அறையை இருட்டாக்கி விளக்கைக் காட்டினோம். ஒருவரின் கழுத்தில் ஒளிர்ந்தது, இன்னொருவரின் மணிக்கட்டில். அந்தப் பெண் தன் கையையே பார்த்துக்கொண்டு, "வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது" என்றார். எனக்கு அதற்குப் பிறகு எதையும் எழுத ஓடவில்லை.

சூட்டோடு சூடாகக் கூடிப் பேசினோம். நிர்வாகியின் முதல் கேள்வி, "நூற்றுக்கு எத்தனை?" அவர்மேல் தப்பில்லை, எங்கள் படிவமே அப்படித்தான் இருக்கிறது. 'உடை அணிந்தார்களா?' ஆம். 'மேலிடத்துக்குத் தகவல் போனதா?' ஆம். போக எவ்வளவு நேரமானது, யார் முடிவுக்காகக் காத்திருந்தார்கள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. நோயை 7 நாளில் கண்டுபிடி, 1 நாளில் தெரிவி, அடுத்த 7 நாளில் முதற்கட்ட நடவடிக்கைகளை முடி என்று இப்போது 7-1-7 என்ற அளவுகோல் வந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கும், நேரத்தைக் கேட்கிறது.

ஆனால் நல்ல அறிக்கை எழுதிவிட்டால் மட்டும் போதுமா? பிரிட்டன் 2016 அக்டோபரில் 'சிக்னஸ்' என்ற பெயரில் மூன்று நாள் ஃப்ளூ ஒத்திகை நடத்தியது. 950 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். கடுமையான பெருந்தொற்றைத் தாங்க இப்போதைய ஏற்பாடுகள் போதாது என்று அதன் அறிக்கை தெளிவாகவே சொன்னது. முதியோர் பராமரிப்புத் துறை கூடுதல் சுமையைத் தாங்குமா என்ற கவலையும் அதில் இருந்தது. 22 பாடங்களை எழுதி வைத்தார்கள். கோவிட் வந்தபோது அவற்றில் பல செய்து முடிக்கப்படாமலே கிடந்தன. பராமரிப்பு இல்லங்களில் எத்தனை பெரியவர்கள் போய்விட்டார்கள்! அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை எனக்கு.

அதனால் இந்த முறை மதிப்பெண் போட மறுத்துவிட்டேன். ஒவ்வொரு குறைக்கும் எதிரே அதைச் சரிசெய்ய வேண்டியவர் பெயரையும் ஒரு தேதியையும் எழுதச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், அப்புறம் எழுதினார்கள். மூன்று மாதம் கழித்து, உடை கழற்றுவதை மட்டும் முன்னறிவிப்பில்லாமல் இரவுப் பணி நேரத்தில் மறுபடி பார்க்கப் போகிறோம். அந்தச் செவிலியரும் அன்று பணியில் இருந்தால் நல்லது.

போய்வந்ததும் எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், படிக்கட்டில் மட்டும் அவசரப்பட வேண்டாம் என்றும் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்