‘பணியில் உள்ளார்’ என்று பென்சிலில் எழுதியவர்களுக்கு

மாற்றுத்திறனாளிகள் மாத உதவித்தொகை மனுக்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவள் எழுதுகிறேன். என் மனு, அடையாள அட்டை, 60 சதவீதம் ஊனம் என்று டாக்டர்கள் கொடுத்த சான்று எல்லாவற்றையும் மூன்று முறை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் பழைய கதைக்குப் போகவில்லை. போன திங்கட்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் மனுவைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்த்தார். தேயிலையில் புழங்குகிறவர்களின் கை எப்படி இருக்கும் என்று இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். நகக்கண்ணிலும் ரேகையிலும் கறை ஏறிக் கிடக்கும், எந்த சோப்புக்கும் போகாது. “ஃபேக்டரிக்குப் போறீங்களாம்மா?” என்று கேட்டார். “ஆமா சார்” என்றேன். உடனே மனுவின் ஓரத்தில் பென்சிலால் ‘பணியில் உள்ளார்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “வேலைய விட்டுட்டு வாங்க, பார்க்கலாம்” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நல்ல வழி காட்டுகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

நான் எப்படி வேலைக்குப் போகிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வயதில் வந்த போலியோவில் வலது கால் போனது. இடுப்புக்குக் கீழே கம்பி வைத்த காலிப்பர் போட்டுத்தான் நடக்கிறேன். லைன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற 112 படி. அவ்வளவும் கல்படி, கைப்பிடி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் படியெல்லாம் பாசி பிடித்துவிடும். இடது காலை மேல் படியில் வைத்து, காலிப்பர் காலை இழுத்துப் பக்கத்தில் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. தோல் வார் நனைந்தால் ஊறிப்போய்த் தொடையை அறுக்கும். ராத்திரி அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தால் காலையில் விறைத்துக் கிடக்கும், அது வேறு மாதிரி அறுக்கும். அறுத்த இடத்தில் புண்ணாகி நீர் வடிந்தால் காலிப்பர் போட முடியாது. போடாவிட்டால் வேலை கிடையாது, வேலை இல்லாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. அதனால் துணியைச் சுற்றி, அதன் மேலேயே வாரை இறுக்கிக்கொண்டு போன நாள்கள் உண்டு. சாயங்காலம் அந்தத் துணியைப் பிய்த்து எடுக்கும்போது என் மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கூட வேலை பார்க்கிற பெண்கள் குறுக்குப் பாதையில் கால் மணி நேரத்தில் ஃபேக்டரிக்கு நடந்துவிடுகிறார்கள். எனக்குப் போக ஜீப், வர ஜீப். வார் மாற்ற, பூட்ஸ் அடி தைக்கக் குன்னூருக்குப் போக வேண்டும், அன்றைக்குக் கூலி போய்விடும். ஒரே வேலைக்கு ஒரே கூலி வாங்குகிறோம். ஆனால் அந்தக் கூலியைச் சம்பாதிக்க நான் மட்டும் தனியாகச் செலவு செய்கிறேன். 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய் ஆன அந்த உதவித்தொகையை இதற்காகத்தான் கேட்கிறேன். வேலைக்குப் போகாமல் இருக்க அல்ல, போய்க்கொண்டே இருக்கத்தான்.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது வரை படித்தவள், புரியாத இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 24-ஆவது பிரிவு இருக்கிறது. உதவித் திட்டங்களை அது ஒவ்வொன்றாகச் சொல்கிறது. மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு அரசு அறிவிக்கும் வருமான வரம்பு ஒன்றைத்தான் அங்கே நிபந்தனையாக வைத்திருக்கிறார்கள். வேலை இல்லாதவர்களுக்கான உதவிப் பணத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து இரண்டு வருடத்துக்கு மேலாகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு அது. இரண்டும் வேறு வேறு. என் வருமானச் சான்று மனுவோடுதான் இருக்கிறது. வரம்பைத் தாண்டுகிறது என்றால் அந்தத் தொகையைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். என் கைக்கறையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வருமான வரி கட்டுகிற மாற்றுத்திறனாளிக்கு, வரி போடும் வருமானத்தில் 75,000 ரூபாய் கழிவு, பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000. பழைய வரி முறையில் இன்றும் அது உண்டு. நல்ல சம்பளத்தில் இருக்கிறவர்கள்தான் அதைப் பெறுகிறார்கள். அவர்களிடம் யாரும் வேலையை விட்டுவிட்டு வரச் சொல்வதில்லை. அவர்களுக்குக் கிடைப்பதை நான் குறை சொல்லவில்லை, கிடைக்கத்தான் வேண்டும். வேலை பார்த்தாலும் ஊனத்துக்கென்று தனிச்செலவு உண்டு என்று வரிச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. தினக்கூலிக்காரி சொன்னால் மட்டும் ஏன் விளங்கவில்லை?

எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா இருக்கிறார், ஒரு கண்ணில் கொஞ்சம்தான் பார்வை. தோட்டத்தில் களை எடுக்கப் போகிறார். விசாரணைக்கு யாராவது வருகிறார்கள் என்றால் கூடையை வீட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். உழைப்பதை ஒளித்து வைக்கிற நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறோம். நானும் அன்றைக்கு ‘வேலை இல்லை’ என்று சொல்லியிருந்தால் மனு உள்ளே போயிருக்கும். ஒருமுறை ஆய்வுக் கூட்டம் என்றீர்கள், ஒருமுறை சர்வர் வேலை செய்யவில்லை என்றீர்கள், மூன்றாவது முறை இது. ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி வருகிறேன். பஸ் படி என் முழங்கால் உயரம். கண்டக்டரோ யாரோ கைத்தாங்கலாகத் தூக்கிவிட வேண்டும். வந்து சேர்ந்தால் உங்கள் கவுன்ட்டர் மாடியில். காலால் முடியாதவர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்தது யார், அங்கே ஒருநாளாவது யாராவது காலிப்பர் போட்டு ஏறிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கோபத்தில் வேறு எங்கோ போகிறேன், மன்னிக்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். என் மனுவை வாங்கிப் பதிவு செய்து, ரசீது கொடுங்கள். தகுதி இருந்தால் கொடுங்கள். இல்லை என்றால், எந்த அரசாணை, எந்த விதி என்று பேனாவில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துடன் கொடுங்கள். மேல்முறையீட்டுக்குக் காட்ட என் கையில் ஒரு தாள் வேண்டும். பென்சில் எழுத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

பதிலைத் தயவுசெய்து தபாலில் அனுப்புங்கள். இந்த மாதம் மூன்று நாள் கூலி போய்விட்டது, நான்காவது நாளுக்கு என்னிடம் வழி இல்லை.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தேயிலைத் தொழிலாளி