யாருடைய கழிவு என்று சொல்லுங்கள்

எங்கள் ஊர் வழியே ஓடும் பாசனக் கால்வாயான சானலுக்கும், கழிவுநீருக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் படித்துறையில் 'இங்கு குளிக்கக் கூடாது' என்று பலகை வைத்துவிட்டீர்கள். தண்ணீரில் மலக்கிருமி அதிகம் என்பது உங்கள் சோதனையிலேயே வந்தது. சரி. யாருடைய மலம் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

கரையோரம் மாடு வளர்த்த ஆச்சியைத்தான் முதலில் பிடித்தீர்கள். தொழுவத்தை எடுக்கச் சொல்லி நோட்டீஸ். வீடுவீடாகப் பால் ஊற்றிக் காலம் தள்ளியவர், இரண்டு பசுவையும் வந்த விலைக்கு விற்றார். தொழுவம் இருந்த இடத்தில் இப்போது வாழை நிற்கிறது. அதற்குப் பிறகு எடுத்த தண்ணீரிலும் கிருமி குறையவில்லை. ஆச்சியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காப்பிக்கு அவர் பாக்கெட் பால் வாங்குகிறார்.

உங்களுக்குத் தெரியாததல்ல. மலக் கோலிஃபார்ம் என்ற மலக்கிருமிக் கணக்கு மாடு, நாய், மனிதர் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் காட்டும். 100 மில்லியில் 2,500-ஐத் தாண்டினால் குளிக்க ஆகாது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. மனிதக் குடலுக்கே உரிய பாக்டீராய்டிஸ் நுண்ணுயிரின் மரபணு அடையாளத்தைத் தேடும் சோதனை இருக்கிறதே! அது செலவு என்றால், சந்தேகப்படும் வீட்டுக் கழிப்பறையில் சாயம் ஊற்றி, சானலில் பச்சை இறங்குகிறதா என்று பாருங்கள். அதுவும் வேண்டாமா? பிப்ரவரி கடைசியில் பேச்சிப்பாறை அணையை அடைத்தால் ஜூன் வரை சானலில் வரத்து இருக்காது. அப்போது கரைச்சுவரின் கல்லிடுக்கில் பிவிசி குழாய் வழியே கறுப்புத் தண்ணீர் ஒழுகுவது கண்ணுக்கே தெரியும். அடித்தளம் போடாத செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழிக்கு இடம் விடாத மூன்று சென்ட் மாடிவீடு, ராத்திரியில் வந்து வால்வைத் திறக்கும் கழிவுநீர் லாரி... இவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்கத்தான் கை வரவில்லை போலும்.

பாலத்துச் சுவரில் மீனும் தாமரையும் வரைந்து போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். அழகாகத்தான் இருக்கிறது. அந்த மீனுக்கு நேர் கீழே ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான், யாருடைய கழிவு என்று கண்டுபிடியுங்கள். ஊருக்கு மேலே, ஊருக்குள், ஊரைத் தாண்டி என்று தனித்தனியாகத் தண்ணீர் எடுங்கள். மழையில்லாத நாளிலும், மழை பெய்த மறுநாளும் எடுங்கள். காயும் வெயிலிலும் கிருமி கூடியிருந்தால் ஏதோ குழாய் நேராக விழுகிறது என்று முதலில் சந்தேகப்படலாம். மழைக்குப் பின் மட்டும் ஏறினால் கரையிலிருந்து அடித்து வருகிறதா என்று பார்க்கலாம். முடிவை அந்தப் பலகையிலேயே எழுதி வையுங்கள். மாடுதான் காரணம் என்றால் ஒத்துக்கொள்கிறோம்.

தயவுசெய்து ஒரு தேதி சொல்லுங்கள். சாயத்தை முதலில் என் வீட்டு டேங்கிலேயே ஊற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சானல்கரையில் குடியிருக்கும் ஒருவன்