முதல் சந்திப்பிலேயே படிவத்தை நீட்டாதீர்கள்

பிலிப்பைன்ஸ் கல்வித் துறைக்கும், அந்நாட்டின் ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் வாரியத்துக்கும்,

வணக்கம். தாவாவோ நகருக்கு மருத்துவம் படிக்க வரும் தமிழ் மாணவர்கள் வழியாகத்தான் உங்கள் நாடு எனக்குப் பழக்கமானது. அங்கே பிலிப்பினோ ஆலோசகர்களுக்கு உதவியாக இருந்து தொழில் கற்றேன். பிள்ளைகளை உங்கள் ஊரில் விட்டுவிட்டு இங்கே கவலையோடு இருக்கும் பெற்றோரும் படிக்கட்டும் என்று இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் கையெழுத்தான குடியரசுச் சட்டம் 12080 அரசுப் பள்ளிகளில் மாணவர் மனநலத்துக்கென மையங்கள் அமைக்கச் சொல்கிறது. இளநிலைப் பட்டதாரிகளை ஆலோசக உதவியாளர்களாக நியமிக்கவும் வழி செய்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற முதுநிலைப் பட்டமும் தேர்வும் வேண்டும்; அவ்வளவு படித்தவர்களுக்குப் பள்ளி தரும் சம்பளமோ குறைவு. அதனால் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகவே கிடந்தன. புதிய சட்டத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் புதிதாக வரும் இந்த இளைஞர்களுக்கு எதை முதலில் கற்றுத்தரப் போகிறீர்கள்? உறவை உண்டாக்குவதைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

உங்கள் ஊர்ப் பிள்ளை ஆலோசகரின் அறைக்கு வந்தவுடன் தன் துயரத்தைச் சொல்வதில்லை. "குமுஸ்தா" என்று நலம் விசாரிக்க வேண்டும், சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும், ஊர்ப் பேச்சு பேச வேண்டும். பிறகு மெல்ல, "என் தோழி ஒருத்திக்கு ஒரு பிரச்சினை" என்று தொடங்குவாள். அந்தத் தோழி யாரென்று கேட்கக் கூடாது. தோழியின் கதையை அவள் சொல்லும் வேகத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தால், மூன்றாவது சந்திப்பிலோ நான்காவதிலோ அது அவளுடைய கதையாகிவிடும். வாய் சொல்லாததை முகத்திலும் மௌனத்திலும் உணர்ந்துகொள்ளும் இந்தத் திறமையைப் 'பகிகிரம்டம்' என்கிறார்கள் உங்கள் உளவியலாளர்கள். வந்த அரைமணிக்குள் 'முதன்மைப் பிரச்சினை' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லும் படிவம் அந்தத் தோழியைப் பேசவே விடாது.

இதை உங்களுக்கு அயலார் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1971-இல் திரும்பிய விர்ஜிலியோ என்ரிக்கெஸ், 'சிகோலோஹியாங் பிலிப்பினோ' என்ற பிலிப்பினோ உளவியலை உங்கள் மண்ணிலேயே வளர்த்தார். 1975-இல் அதற்கென ஒரு சங்கமும் பிறந்தது. நானும் பிறரும் வேறல்லர் என்ற 'கப்வா' உணர்வே அவருடைய சிந்தனையின் மையம். அவரும் கார்மென் சந்தியாகோவும், இருவர் பழகும் முறையை வெறும் மரியாதைப் பேச்சில் தொடங்கி மனம் ஒன்றுவது வரை படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். கீழ்ப்படிகளில் எதிரே இருப்பவர் அயலார்; மேற்படிகளில் அவர் நம்மவர். எந்தப் படியில் நிற்கிறோமோ அதற்கேற்பவே கிடைக்கும் விடையின் உண்மையும் இருக்கும். ஆய்வாளர்களுக்காகச் சொல்லப்பட்டது இது. ஆலோசகருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

1960-களில் அமெரிக்க மானுடவியலாளர் ஃபிராங்க் லிஞ்ச் போன்றோர், சிக்கலில்லாமல் இணங்கிப் போவதைப் பிலிப்பினோக்களின் தலையாய விழுமியங்களில் ஒன்றாகக் கருதினார்கள். அது மேலோட்டமான பார்வை என்று மறுத்தார் என்ரிக்கெஸ். அவசரப்படும் ஆலோசகரும் அப்படித்தான் ஏமாறுவார். மாணவி பணிவாக "ஓபோ" (ஆமாங்க) என்று தலையாட்டியதும் அறிவுரையை ஏற்றுக்கொண்டாள் என்று எழுதி வைப்பார். பெரியவரின் மனம் நோகக் கூடாதென்றுதான் அவள் தலையாட்டியிருப்பாள்.

2013 நவம்பரில் யோலாந்தா புயல் தாக்கிய பிறகு, உயிர் பிழைத்தவர்களுக்காக உங்கள் உளவியலாளர்கள் 'கததகன்' என்ற திட்டத்தை உருவாக்கினார்கள். தனியறையில் ஒருவரை மட்டும் உட்காரவைக்காமல், சிறு குழுவாகக் கூட்டி ஒருவர் கதையை மற்றவர் கேட்கச் செய்தார்கள். பேரிடருக்குப் பின் செய்ததைப் பள்ளியில் அன்றாடம் ஏன் செய்யக் கூடாது?

உறவைப் புகழ்ந்து மட்டும் கற்பிக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வளைகுடாவிலோ ஹாங்காங்கிலோ உழைக்கும் தாய் அனுப்பும் பணத்தில் படிக்கும் பெண், தனக்குப் பிடிக்காத படிப்பை மறுக்க முடியாமல் தவிப்பதை என்னிடமே சொல்லி அழுதிருக்கிறாள். பட்ட நன்றிக்கடன், 'உதாங் ந லோஓப்', அவள் நெஞ்சில் கனக்கிறது. "உன் வாழ்க்கை, உன் முடிவு" என்று அவளிடம் சொல்வது கொடுமை. தாயைக் கைவிடச் சொல்வதாகவே அது அவள் காதில் விழும். தாயோடு அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவளோடு சேர்ந்து ஒத்திகை பார்ப்பதுதான் ஆலோசனை. தேவையானால் தாயையும் தொலைபேசியில் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள்.

துன்புறுத்துபவர் மாமாவாகவோ மாற்றாந்தந்தையாகவோ இருக்கும்போது நிலைமை வேறு. குடும்ப மானம் கெடும் என்ற வெட்க உணர்வு, 'ஹியா', குழந்தையின் வாயை அடைக்கிறது. ஒற்றுமை கெடக் கூடாது என்று ஊரும் அடைக்கிறது. பாலுறவுக்கு இசைவு தரும் வயதை 12-லிருந்து 16-ஆக 2022-இல் உயர்த்திய நாடு உங்களுடையது. அந்தச் சட்டம் குழந்தையைக் காக்க வேண்டுமென்றால், அவள் நம்பிப் பேச ஒருவர் இருக்க வேண்டும். பேசிய பின், 'குடும்பத்துக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று அந்த ஒருவர் அனுப்பிவிடவும் கூடாது. உறவை வளர்க்கும் பயிற்சியும் புகார் செய்யும் கடமையும் ஒரே பாடத்தில் இருக்கட்டும்.

சிற்றூர்களில் ஆலோசகரே அந்த மாணவனின் ஞானத்தாயாக இருப்பதும் உண்டு. ஆலோசனைக்கு வருபவரோடு வேறு உறவு இருக்கக் கூடாது என்னும் 'இரட்டை உறவு கூடாது' என்ற ஒரு வரி அங்கே உதவாது. யாரிடம் அனுப்புவது, என்ன ரகசியம் காப்பது, அம்மா கொண்டுவரும் மாம்பழக் கூடையை என்ன செய்வது என்று இளம் உதவியாளர் கேட்பதற்கு ஒரு மூத்தவர் வேண்டும். உரிமம் பெற்ற ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு உதவியாளரோடும் மாதந்தோறும் அமர்ந்து பேசுவதை விதிகளிலேயே எழுதுங்கள். பக்கத்துப் பள்ளிக்காரர் என்றாலும் சரி, ஆனால் ஆண்டுதோறும் மாறாத ஒருவராக அவர் இருக்கட்டும்.

அன்புடன்,
தாவாவோவில் தொழில் கற்ற ஒரு தமிழ் ஆலோசகர்